மீன் உங்கள் விடயமும்தான்: வாவிக்கரைச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

பங்குடாவெளியிலிருந்து கல்முனைப் பக்கம் வரை, மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள மாநகர, நகர, பிரதேச சபைகளின் உறுப்பினர்களுக்கும் தவிசாளர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

கல்லடிப் பாலத்துக்கும் கல்லாற்றுக்கும் நடுவில், வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருக்கும் ஒரு ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். என் அப்பா வாவியில் தோணி வலிக்கிறவர். பதினான்கு வயதில் ஏறியவர், அறுபது தாண்டியும் இறங்கவில்லை. அம்மா கருவாடு போடுகிறவர். எங்கள் மீனவர் சங்கத்தின் கூட்டக் குறிப்பையும் கணக்கையும் நான் எழுதுகிறேன். இந்த மடலையும் முதலில் அந்தக் குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்தான் எழுதத் தொடங்கினேன். கூட்டத்தில் வாசித்துக் காட்டியபோது, "இதை ஒரு சபைக்கு மட்டும் குடுக்காத மகள், எல்லாருக்கும் தெரியிற மாதிரிப் போடு" என்றார்கள். அதனால்தான் திறந்த மடலாக வருகிறது.

சில மாதங்களுக்கு முன் சங்கத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் ஒரு சபை அலுவலகத்துக்குப் போனோம். ஊர்க் கான், அதாவது கழிவுநீர் வாய்க்கால், வாவியில் விழும் இடத்தில் குப்பை அடைத்துக் கிடக்கிறது, மழை வந்தால் முழுவதும் வாவிக்குள் போகும், அதற்கு முன் எடுத்துத் தாருங்கள் என்று ஒரு கடிதம் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. கதிரை போட்டு இருத்தினார். கடிதத்தை முழுதாக வாசித்தார். பிறகு அதை மடித்து என் கையிலேயே தந்தார். "இது கடற்றொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டிய கடிதம் தங்கச்சி. மீன் எங்கட விடயம் இல்ல." சரி என்று அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனோம். குப்பையும் கானும் சபையின் விடயம் என்று சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒன்றுமே பேசவில்லை. இறங்கி ஒழுங்கையால் நடக்கும்போதுதான் கேட்டார்: "அப்ப வாவி ஆர்ட விடயம் மகள்?"

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. வாவி உங்கள் விடயம். எங்கள் மீன் குறைந்துபோவதும் உங்கள் விடயம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை ஒரு நாளிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

போன புரட்டாதியில் முதல் மழை பெய்த மறுநாள் அது. அப்பா விடியப்புறம் நாலரைக்குக் கரைக்கு வந்தார். மற்ற நாட்களில் தோணியிலேயே வலையை உதறி, மீனைக் கழற்றிக்கொண்டுதான் வருவார். அன்று வலையை அப்படியே அள்ளித் தோணிக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டி விரித்தோம். டோர்ச் வெளிச்சத்தில் வலை வெள்ளையாகத் தெரிந்தது. மீன் என்று நினைத்துக் கிட்டப் போனால் அத்தனையும் பொலித்தீன்.

வலையில் மாட்டிய பொலித்தீனை இழுத்து எடுக்க ஏலாது. அது நீரோட்டத்தில் சுழன்று சுழன்று கயிறு மாதிரி முறுகியிருக்கும். இழுத்தால் வலைக்கண் அறுந்துவிடும். இரண்டு பெருவிரலாலும் முறுக்கைக் கழற்றி, ஒவ்வொரு கண்ணாக விட்டு விட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நான் நடுவில் நின்றோம். சோறு கட்டின லஞ்ச் சீற், யோகட் கோப்பை, குழந்தைகளின் பம்பர்ஸ், மூடியோடு ஒரு களைநாசினிப் போத்தல், கோழி இறகும் குடலும் நிரம்பி வாய் கட்டிய ஒரு உரப்பை. அந்த உரப்பையின் நாற்றம் கையிலிருந்து போக இரண்டு நாள் எடுத்தது. இவ்வளவுக்கும் நடுவில் இறாலும், நாலைந்து மணலையும், ஒரு நண்டும். ஒரு மணலை அப்போதும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது.

ஆறரைக்கு வியாபாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். காத்தான்குடிக்காரர், அப்பாவோடு இருபது வருடப் பழக்கம். அண்ணன் முறையில் அப்பா அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். கொஞ்ச நேரம் நின்று அவரும் ஒரு முனையில் பொலித்தீன் எடுத்தார். பிறகு, "ஐஸ் கரையுது தம்பி, மற்ற ஆக்களும் பார்த்திட்டிருப்பாங்க" என்று சொல்லிப் போய்விட்டார். நாங்கள் எடுத்து முடிக்க ஒன்பது மணி தாண்டிவிட்டது. இறால் வெயிலேறக் கிடந்தால் தலை கறுத்துவிடும். கறுத்த இறாலை யாரும் நல்ல விலைக்கு வாங்கமாட்டார்கள். அம்மா அதைச் சட்டியில் அள்ளிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் வந்த விலைக்குக் கொடுத்தார். வலை எட்டு இடத்தில் கிழிந்திருந்தது. அதைப் பொத்துவதற்காக அடுத்த இரண்டு இரவும் அப்பா தொழிலுக்குப் போகவில்லை.

கடல் மாசு என்றால் பொலித்தீன் விழுங்கிச் செத்த ஆமையின் படத்தைக் காட்டுவார்கள். அது உண்மைதான், பார்க்க வயிறு எரியும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பொலித்தீன் ஒரு இரவு உழைப்பையும், இரண்டு இரவுத் தொழிலையும், ஒரு வியாபாரியின் முதல் விலையையும் எடுத்துக்கொண்டு போகிறது. எந்தப் புள்ளிவிபரத்திலும் இது வராது. "மீன் பிடிபட்டது" என்றுதான் பதிவாகும்.

மெல்லிய பொலித்தீனுக்கும் லஞ்ச் சீற்றுக்கும் 2017 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து இந்த நாட்டில் தடை. அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் எழுதப் படிக்கப் பழகிவிட்டார்கள். வலையில் வருவது நிற்கவில்லை.

வாவியைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. உங்களில் பலர் இந்தக் கரையில் பிறந்தவர்கள். "மீன்பாடும் தேன்நாடு" என்று மேடைக்கு மேடை சொல்கிறவர்கள். ஆனாலும் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தெரிந்தால்தான் கான் வாயில் கிடக்கும் குப்பைக்கும் நடுக்கடலில் போடும் வலைக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.

இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் இருக்கும்போதே நீரோட்டத்தோடு முகத்துவாரத்தால் உள்ளே வருகிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும்தான் எங்கள் வாவிக்கு வாசல். உள்ளே வந்த குஞ்சு கண்டல் வேருக்குள்ளும் கரையோரச் சாதாளைக்குள்ளும் ஒளிந்து, சேற்றில் மேய்ந்து, சில மாதத்தில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போய் முட்டையிடுகிறது. கொடுவாவும் திரளியும் இன்னும் எத்தனையோ மீனும் இப்படித்தான் வாவிக்கும் கடலுக்கும் வந்து போகின்றன. 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி, கடல் தன் பிள்ளைகளை வளர்க்க விட்டிருக்கும் வீடு. அந்த வீட்டின் வாசலையும் அடுக்களையையும் நாறடித்தால், அது பாசிக்குடாவில் வலை போடுகிறவருக்கும் திருக்கோவிலில் வலை போடுகிறவருக்கும் குறைச்சலாகத்தான் போய் முடியும்.

பிள்ளைகள் வளரும் அந்த வீட்டுக்குள் நாங்கள் என்னென்ன அனுப்புகிறோம்?

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களிலிருந்து வடியும் தண்ணீரோடு உரமும் களைநாசினியும் வருகின்றன. நெல் அவிக்கும் ஆலைகளின் கழிவுநீர் வருகிறது. இந்தச் சத்து மிகுந்த தண்ணீரில் ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை செழிக்கிறது. கிட்டங்கிப் பாலத்தடியில் அது வந்து அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்காத சபை உறுப்பினர் கல்முனைப் பக்கத்தில் இருக்கமாட்டார். அதற்குள் தோணியும் போகாது, வலையும் இறங்காது. அது செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஒட்சிசனை இழுத்துக்கொள்கிறது. விடியப்புறத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் அப்பா சொல்லுவார், "தண்ணிக்கு மூச்சு முட்டுது" என்று. பிறகு ஒரு நாள் மீன் செத்து மிதக்கும். உடனே ஆட்கள் வருவார்கள், போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவார்கள். முடிவு எங்கள் கரைக்குத் திரும்பி வந்ததை நான் ஒருமுறையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதியதில்லை.

அப்புறம் சந்தைக் கழிவு, கோழிக்கடைக் கழிவு, வீட்டுக் கழிவு. இவையெல்லாம் கானுக்குள் விழுகின்றன, கான் வாவிக்குள் விழுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், வாவியை அண்டிய தாழ்நிலத்தில் குப்பை கொட்டும் பழக்கம். மாரியில் வாவி பெருகும்போது அந்தக் குப்பையின் கால் நனைகிறது. தண்ணீர் வடியும்போது எங்களோடு பேசிவிட்டா வடிகிறது? எடுத்துக்கொண்டு போகிறது.

இங்கேதான் அந்த அலுவலகத்தில் எங்களுக்குச் சொன்ன வார்த்தைக்கு மறுமொழி சொல்கிறேன். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 93, 94, 95 ஆம் பிரிவுகளை எடுத்துப் பாருங்கள். குப்பையை அகற்றுவது சபையின் கடமை. சபை சேகரித்த குப்பை சபையின் சொத்து. அதைக் கொட்டுவதற்குத் தகுந்த இடம் ஒழுங்கு செய்வதும் சபையின் பொறுப்பு. மாநகர சபைகளுக்கும் நகர சபைகளுக்கும் உரிய கட்டளைச் சட்டங்களிலும் இந்தக் கடமை இருக்கிறது. சட்டத்தை நான் படித்தது ஒரு சட்டத்தரணி அக்காவின் உதவியோடு. 94 ஆம் பிரிவை வாசித்தபோது எனக்கு அந்த உரப்பை ஞாபகம் வந்தது. சபை லொறி எடுத்துக் கொட்டிய குப்பையிலிருந்து அது வந்திருந்தால், சட்டப்படி அது சபையின் சொத்து. எங்கள் அப்பா இரவிரவாகச் சபையின் சொத்தை வாவியிலிருந்து தூக்கிக் கரை சேர்த்துக்கொண்டிருக்கிறார். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

இனி எங்கள் பக்கத்துப் பிழையைச் சொல்ல வேண்டும். அதை மறைத்து இந்த மடலை எழுதினால் அப்பாவே கையொப்பம் போடமாட்டார்.

வாவியில் தங்கூசி வலை, ஒற்றை நைலோன் இழையில் பின்னிய வலை, போடுகிறார்கள். நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. எங்கள் ஊரிலும் போடுகிறார்கள், எங்கள் சொந்தத்திலும் போடுகிறார்கள். என் மச்சான் ஒருவர் போட்டார். அந்த வலை விலை குறைவு. தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கூடப் பிடிபடும். சில மாதத்தில் நைந்துபோகும். நைந்ததைப் பொத்த முடியாது, எறிய வேண்டியதுதான். எறிந்த பிறகும் அது உக்குவதில்லை. தடியிலோ கண்டல் வேரிலோ சிக்கிக்கொண்டு யாருக்கும் இல்லாமல் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அப்பா அப்படியொரு துண்டைத் தூக்கினார். அதற்குள் மூன்று நண்டு, இரண்டு வெறும் ஓடு, ஒன்று உயிரோடு. உயிரோடு இருந்ததன் காலெல்லாம் நூல் சுற்றி அறுத்து, ஒரு கொடுக்குத்தான் மிச்சம். அதைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். பிழைத்ததோ என்னவோ.

வலையின் கண்ணும் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டு வருகிறது. அப்பாவின் பழைய வலையில் மூன்று விரல் சேர்த்து நுழைக்கலாம். இப்போது கரையில் காயும் சில வலைகளில் ஒரு விரல் நுழைய மறுக்கிறது. அதில் வருவது இறால் இல்லை, இறாலாக வேண்டியது. கொடுவா இல்லை, விரல் நீளக் கொடுவாக் குஞ்சு. குஞ்சை விற்றால் சட்டிக்கு ஐம்பதோ நூறோ வரும். அதையே வளரவிட்டால் எத்தனை மடங்கு என்று பிடிக்கிறவருக்குத் தெரியாதா? தெரியும். மச்சானிடம் நான் கேட்டேன். "நான் விட்டா அடுத்த தோணிக்காரன் விடுவானா? நாளைக்கு லோன்காரி வருவா, அவவுக்கு நாளைக்கு வளரப்போற மீனைக் காட்டவா?" என்றார். அவருடைய மனைவியின் பெயரில் நுண்கடன் எடுத்துத்தான் அந்த வலை வாங்கப்பட்டது. பிறகு அதிகாரிகள் வந்து வலையை எடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள், தண்டப்பணம் கட்டினார். செய்தது சட்டப்படி சரி. வலை போனது, கடன் இருக்கிறது. இன்று அவர் மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் தோணிக்கு வந்தது. கான் வாய்க்கு வரவில்லை. மீன் குறையக் குறையக் கண் சிறுத்தது, கண் சிறுக்கச் சிறுக்க மீன் இன்னும் குறைந்தது. இந்தச் சுற்று எங்கே தொடங்கியது என்று தேடிப்போனால் தரையில்தான் போய் நிற்கும். வலைக்காரன் செய்த பிழைக்குத் தண்டனை இருக்கட்டும். எங்கள் சங்கமே போன வருடம் கண் சிறிய வலை போடக்கூடாது என்று தீர்மானம் எடுத்தது, நான்தான் எழுதினேன், நாற்பத்தொரு பேர் கையொப்பம் வைத்தார்கள். ஆனால் அந்தத் தீர்மானத்தைக் காப்பாற்ற ஒரு மனிதனுக்கு வயிற்றில் பயம் இல்லாமல் இருக்க வேண்டும். வாவி தருமென்ற நம்பிக்கை இருந்தால்தான் குஞ்சை விட்டுவிட மனம் வரும். நாற்றமெடுக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு யாருக்கு அந்த நம்பிக்கை வரும்?

கடல் பக்கமும் இதே கதைதான், அளவு பெரிது. என் மாமா கரைவலையில் இழுக்கிறவர். தென்மேல் காற்றான சோழகம் தொடங்கிக் கடல் அமரும் மாதங்களில்தான் எங்கள் பக்கம் கரைவலைக் காலம். இழுப்புக்குத் தலைமை தாங்கும் தண்டயல், மீன் கூட்டமாக வரும் மாப்பைக் கண்டு குரல் கொடுப்பார். தோணி வலையைச் சுற்றிப் போட்டுவிட்டு வரும். இரண்டு பக்கமும் ஆள் நின்று அம்பா பாடி இழுப்பார்கள். கீரியும் சூடையும் நெத்தலியும் மடி நிறைய வந்து மணலில் துள்ளும். பங்கு பிரித்த பிறகு, வந்து நின்ற கிழவிகளுக்கும் விதவைகளுக்கும் ஒரு பிடி போகும். அது எழுதாத சட்டம். இப்போது இரவில் கரையில் நின்றால் கடலில் வரிசையாக வெளிச்சம் தெரியும். வெளிச்சத்தைப் பாய்ச்சி மீனைக் கூட்டி, சுருக்குவலையால் மாப்போடு வளைத்து அள்ளிவிடுகிறார்கள். காலையில் கரைவலை இழுத்தால் ஜெல்லியும் பிளாஸ்டிக் போத்தலும் கொஞ்சம் கூனியும். முப்பது பேர் இழுத்து, பங்குக்கு ஒரு கறிக்கு மீன். மாமா அம்பா பாடுவதையே விட்டுவிட்டார். பாட மூச்சு வருகுதில்லை என்கிறார்.

கரையில் மீன் இல்லையென்றால் தூரம் போக வேண்டும். தூரம் போக மண்ணெண்ணெய் வேண்டும். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனதை எந்தச் சிறு படகுக்காரரும் மறக்கமாட்டார். சிலர் அன்றைக்குக் கழற்றி வைத்த இயந்திரம் இன்னும் வீட்டுச் சுவரோரம் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது.

ஒலுவில் துறைமுகத்தின் கதையை இங்கே விரிக்கவில்லை. அதன் அணைகள் வந்த பிறகு வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்றதும், கரைவலை இழுக்க மணலே இல்லாமல் போனதும் அம்பாறை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கப்பல்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2020 செப்டெம்பர் 3 ஆம் திகதி, 270,000 தொன் மசகு எண்ணெயோடு போன நியூ டயமண்ட் கப்பல் சங்கமன்கண்டிக்கு நேரே கடலில் தீப்பற்றியது. பொத்துவில் தொடங்கி எங்கள் ஊர் வரைக்கும் தூக்கம் இல்லை. அந்த எண்ணெய் கொட்டியிருந்தால் கிழக்கில் ஒரு தலைமுறைக்குத் தொழில் இருந்திருக்காது. நல்ல காலம், தீ அணைந்தது. அடுத்த வருடம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. 1,486 கொள்கலன்கள், ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கு மேல் பிளாஸ்டிக் மணிகள். மேற்குக் கரை மீனவர்கள் மாதக்கணக்கில் தொழில் இழந்தார்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் நிறுவனத்தரப்பு நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை வானொலியில் கேட்டுக்கொண்டே அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார். கடலைக் கெடுத்தவன் மீனவனுக்குக் கடன்பட்டவன் என்று நாட்டின் பெரிய நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எங்கள் வாவியைக் கெடுக்க வெளிநாட்டுக் கப்பல் ஒன்றும் வரவில்லை. நாங்களும் நீங்களும்தான் கெடுக்கிறோம். ஒவ்வொரு நாளும், சத்தமில்லாமல், புகையில்லாமல்.

நாங்கள் கேட்பது பெரிய திட்டமில்லை. வெளிநாட்டு உதவி வரும்வரை காத்திருக்க வேண்டிய வேலையுமில்லை.

வாவியில் விழும் ஒவ்வொரு கானின் வாயிலும் கம்பி வலை போடுங்கள். போட்டுவிட்டுப் போகாமல், அதில் சேர்வதைக் கிழமைக்கு ஒருமுறை அள்ளுங்கள். அள்ளாவிட்டால் தண்ணீர் ஏறி ஊருக்குள் வரும், அது எங்களுக்கும் தெரியும். ஆள் போதாது என்றால் சொல்லுங்கள். சங்கத்து இளைஞர்களுக்கு நாள் சம்பளம் கொடுத்துச் செய்விக்கலாம், தோணி எங்களுடையது. வாவியை அண்டிக் கிடக்கும் குப்பை மேடுகளுக்கு, ஐப்பசி மழைக்கு முன், தண்ணீர்ப் பக்கமாக மண் அணை கட்டுங்கள். அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு லொறி குப்பையும் கொட்டாதீர்கள். கோழிக்கடைக்கும் இறைச்சிக்கடைக்கும் வியாபார அனுமதி கொடுக்கிறவர்கள் நீங்கள். அனுமதி புதுப்பிக்கும்போது கழிவு எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். சிறு தொழில்களுக்குரிய சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தையும் சபைகள்தான் வழங்குகின்றன. அந்தப் பத்திரத்துக்கு உயிர் கொடுங்கள். பெரிய ஆலைகள் என்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதுங்கள், பிரதியை எங்களுக்குத் தாருங்கள்.

தோணித் துறைகளில் ஒரு தொட்டி வையுங்கள். வலையில் வந்த பொலித்தீனை அப்பா கரைக்குக் கொண்டுவருகிறார், கொண்டுவந்து எங்கே போடுவது? தென்னையடியில் குவிக்கிறோம், அடுத்த மழை அதைத் திரும்ப வாவிக்குள் இழுக்கிறது. நைந்த தங்கூசியையும் அதே தொட்டியில் போடுவோம். தடைசெய்த வலையைக் கொண்டுவந்து தருகிறவரை வழக்கில் மாட்டாமல், அதற்குப் பதிலாக நல்ல வலை வாங்க ஒரு சிறு உதவி செய்ய முடியுமா என்று கடற்றொழில் திணைக்களத்தோடு பேசுங்கள். மச்சானைப் போல் பத்துப் பேர் அடுத்த நாளே வருவார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. ஒரே மேசையில் உட்காருங்கள். இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். மாரியில் வயல் மூழ்கும்போது மாவட்டச் செயலகமான கச்சேரியில் எல்லாரும் கூடுகிறார்கள். நீர்ப்பாசனம், விவசாயம், அனர்த்த முகாமைத்துவம் எல்லாத் திணைக்களமும் வந்து, மணல் மூடிய முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது, எந்த இடத்தில் வெட்டுவது என்று பேசி முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவு மீனைப் பாதிக்கும். அவசரமாக வெட்டினால் வளராத இறாலெல்லாம் ஒரே நாளில் கடலுக்குப் போய்விடும், பிந்தினால் நெல் அழுகும். விவசாயியின் கண்ணீரும் எங்களுக்குத் தெரியும், எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் படுவான்கரையில் வயல் இருக்கிறது. வெள்ளத்துக்கு ஒரு மேசையில் உட்கார முடிகிறதென்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாவிக்காகவும் உட்கார முடியும். அந்த மேசையில் மீனவர் சங்கங்களுக்கும், கருவாடு போடுகிற, இறால் உரிக்கிற பெண்களுக்கும் இடம் வேண்டும். எடுத்த தண்ணீர் மாதிரியின் முடிவை அங்கே தமிழில் வாசிக்க வேண்டும். அந்தத் தாளின் ஒரு பிரதியை ஒவ்வொரு துறையிலும் ஒட்ட வேண்டும்.

2025 மே மாதத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அம்மாவின் கையால் தேத்தண்ணி குடித்தார். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. அம்மா அன்றைக்குக் காயப்போட்டிருந்த கருவாட்டைக் காட்டி, "மகன், இது முந்தி இந்தத் திண்ணை நிறையக் காயும்" என்றார். அவர் அந்தத் திண்ணையை ஒருமுறை பார்த்தார். உண்மையிலேயே கவலைப்பட்டார், முகத்தில் தெரிந்தது. நடிப்பில்லை. அந்தக் கவலை உங்கள் எல்லாரிடமும் இருக்கிறது என்று நம்பித்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் சங்கக் கூட்டம் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, துறையடி வாடியில் நடக்கிறது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் விடயமாக "கான் வாய், சபையின் பதில்" என்று எழுதி, கீழே மூன்று வரி வெறுமையாக விட்டிருக்கிறேன். யார் வந்தாலும் கதிரை இருக்கிறது. முதல் நாள் இரவே வருகிறவர்களுக்கு அப்பாவின் தோணியிலும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. வலை தூக்கும்போது கிட்ட இருந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
சங்கத்தின் குறிப்பு எழுதுகிற மகள்,
எழுவான்கரை, மட்டக்களப்பு